கமெண்ட் என்பது ஊன்றுகோல்

மனித குலம் இதுவரை செய்த பிழைகளிலேயே பெரியது, எழுதிய நிரலுக்குப் பக்கத்தில் விளக்கக் குறிப்பு எழுதப் பழகியதுதான். போர், பஞ்சம், கொள்ளைநோய் எல்லாம் அதற்கு அடுத்த வரிசையில் வருபவை.

இதைச் சொன்னவனுக்கு இருபத்தாறு வயது. சொன்ன இடம் அலுவலகத்து டீ மெஷினின் முன்பக்கம். கேட்டவர்கள் இரண்டு பேர். அதில் ஒருவர், மெஷினில் பால் தீர்ந்துபோய் வேறு வழியில்லாமல் நின்றுகொண்டிருந்தவர்.

"கமெண்ட்ங்கிறது ஊன்றுகோல் சார்," என்றான் அவன். "நடக்கத் தெரிஞ்சவனுக்கு அது எதுக்கு? கோட் ஒழுங்கா இருந்தா அதுவே பேசும்."

"பால் வருமா வராதா?" என்றார் நின்றவர்.

அன்றிலிருந்து அலுவலகத்தில் அவனுக்கு ஊன்றுகோல் என்று பெயர் விழுந்தது. கேலிப் பெயர்தான். அவன் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டு, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் அதன் வரலாற்றைச் சொல்லிவந்தான். கொள்கையையும் டீ மெஷினோடு விடவில்லை. கணினியின் உறுப்புகளையெல்லாம் ஓட்டும் அடிப்படை நிரலுக்குக் கெர்னல் என்று பேர். அதை எழுதுகிறவர்கள் உலகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் ஒருவரையொருவர் மரியாதையாகத் திட்டிக்கொள்ளும் மின்னஞ்சல் குழு ஒன்று உண்டு. அதில் 'கமெண்ட் என்பது ஊன்றுகோல்' என்று ஒரு கட்டுரை எழுதிப் போட்டான். எதற்கும் விளக்கம் தேவையில்லை என்பதை அந்தக் கட்டுரை பன்னிரண்டு பக்கங்களில், அடிக்குறிப்புகளோடு விளக்கியது.

அவன் வேலை பார்த்த கம்பெனி, லிஃப்டுகளை ஓட்டும் கணினிப் பெட்டிகளைச் செய்தது. கட்டடத்தின் உச்சியில், புறாக்களைத் தவிர யாரும் எட்டிப் பார்க்காத அறையில் அந்தப் பெட்டி உட்கார்ந்திருக்கும். கட்டடத்துக்கு எத்தனை மாடி, எந்த உயரத்தில் நிற்க வேண்டும், கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதையெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் ஒரு ஃபிளாஷ் சிப் ஞாபகம் வைத்திருக்கும். சுண்டுவிரல் நகத்தளவுதான். மின்சாரம் போனாலும் மறக்காது. அந்தச் சிப்போடு பேசுவது கெர்னலின் வேலை. கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகளைப் போல, வேலையெல்லாம் கெர்னல் செய்யும், பேரெல்லாம் வேறு யாருக்காவது போகும்.

கெர்னல் கம்பெனியின் சொத்து அல்ல. பல நாட்டுக்காரர்கள் சேர்ந்து எழுதும் பொதுச்சொத்து. அதற்குள் சிப்புகளுக்கென ஓர் அட்டவணை உண்டு. பெட்டியைப் போட்டதும் கெர்னல் சிப்பைப் பார்த்து "நீ யார்?" என்று கேட்கும். சிப் தன் எண்ணைச் சொல்லும். எண் அட்டவணையில் இருந்தால் உறவு, இல்லாவிட்டால் ஊமை. புதுச் சிப்புக்கு ஆதரவு சேர்ப்பது என்றால், அந்த அட்டவணையில் ஒரு வரி சேர்த்து, அதை அட்டவணைக்குக் காவல் இருப்பவர் ஏற்கும்படி செய்வது. அந்தக் காவல்காரர் எந்த நாட்டில் இருக்கிறார், ஆணா பெண்ணா, தூங்குவாரா என்பது யாருக்கும் தெரியாது. எவ்வளவு நீளமான கடிதம் போனாலும் ஒரு சொல்லில் பதில் வரும். இந்தத் தொழிலில் அவரை வாசல்காரர் என்பார்கள். பெட்டியை வாங்கும் லிஃப்ட் கம்பெனிக்காரர்கள் ஒரு நிபந்தனை வைத்திருந்தார்கள்: வாசல்காரர் உள்ளே விட்டது மட்டும்தான் பெட்டிக்குள் இருக்கலாம். வீட்டுத் தயாரிப்பு ஒட்டுவேலைக்கு இடமில்லை.

இப்படியிருக்க, பழைய சிப்பைச் செய்துகொண்டிருந்தவர்கள் அதைச் செய்வதை நிறுத்திவிட்டார்கள்.

கம்பெனியில் கொள்முதல் அதிகாரியாக இருந்தவர் ஊன்றுகோலின் அத்தான், அதாவது அக்காவின் கணவர். ஊன்றுகோலுக்கு அந்த வேலையை வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான், தங்க இடம் கொடுத்தவரும் அவர்தான். வேறொரு கம்பெனியின் சிப்பைத் தேடிப் பிடித்து, ஒரு வருஷத்துக்கு ஆகும் அளவு மொத்தமாக வாங்கிக் கையெழுத்தும் போட்டுவிட்டார். முதலாளியம்மா அவரைக் கூப்பிட்டு ரொம்பப் பொறுமையாகச் சொன்னார்.

"நல்ல விலைதான். நான் ஒண்ணும் சொல்லல. ஆனா கெர்னல் இதோட பேசலன்னா, எல்லாத்தையும் நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடலாம். எடுத்துட்டுப் போனவர் திரும்பி வரணும்னு இல்ல."

அத்தான் ஒரு சிப்பைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

அத்தான் எதிலும் எழுதி ஒட்டுகிறவர். வீட்டில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் மேலே ஒரு சீட்டு இருக்கும். 'ஃபேன்'. 'வாசல் விளக்கு'. கூடத்தில் ஒரு சுவிட்சுக்கு மட்டும், 'இதைப் போட்டால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் கழற்ற வேண்டாம்.' ஊன்றுகோல் அந்த வீட்டுக்குக் குடிவந்த நாளிலிருந்து அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் ஆகாதுன்னா அதுக்கு எதுக்கு அத்தான் சீட்டு? நீங்க கெர்னல் எழுதியிருந்தா உலகமே நின்னிருக்கும்."

"அது கிடக்கட்டும் மாப்ள. இந்தச் சிப்பு பேசுமான்னு பாரு," என்று அத்தான் சிப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்தார்.

"தட்டுக்குப் பக்கத்துல வைக்காதீங்க," என்றாள் அக்கா. "போன தடவை இப்படித்தான் ஒண்ணு சோத்துல விழுந்து, அதைக் கடிச்சுட்டு, அரிசியில கல்லுன்னு என்னைப் பிடிச்சுக் கத்தினீங்க."

ஊன்றுகோல் சாப்பிட்ட கையைக் கழுவாமல் இடது கையால் மடிக்கணினியைத் திறந்தான். சிப்பின் எண்ணைப் பார்த்தான். அட்டவணையில் தேடினான். பிறகு பின்னால் சாய்ந்துகொண்டான்.

"அத்தான், ஒரு வரி சேக்கணும்னு நினைச்சேன். அதுகூட வேண்டாம். எண் ஏற்கெனவே இருக்கு."

"அப்படின்னா?"

"அப்படின்னா, உங்க சிப்பு நம்ம குடும்பத்துல எப்பவோ சேந்தாச்சு. நிம்மதியா சாப்பிடுங்க."

அத்தான் அன்றைக்கு இரண்டாவது முறை சோறு வாங்கிக்கொண்டார்.

புதுச் சிப்போடு முதல் பெட்டி தயாரானது. போட்டதும் பச்சை விளக்கு எரிந்தது. முதலாளியம்மா அத்தானைப் பார்த்துத் தலையசைத்தார். ஊன்றுகோல் டீ மெஷின் முன்னால் நின்று, ஒரு வரியும் எழுதாமல் ஆதரவு சேர்ப்பதே கெர்னல் கலையின் உச்சம் என்று அறிவித்தான்.

சோதனை அறையில் ஆளுயர இரும்புச் சட்டம் ஒன்று உண்டு. அதற்குள் ஷூ டப்பா அளவில் ஒரு கூண்டு மேலும் கீழும் போய்வரும். பக்கத்தில் ஆறு மாடிக்கு ஆறு பொத்தான்கள். பெட்டியை அதில் மாட்டி, ஆறு மாடி என்று சொல்லிக் கொடுத்தார்கள். 'சேமிக்கப்பட்டது' என்றது பெட்டி. கூண்டு ஆறு மாடியும் ஏறி இறங்கியது. மின்சாரத்தை நிறுத்தித் திரும்பப் போட்டார்கள். அத்தான் ஆறாவது பொத்தானை அழுத்தினார்.

கூண்டு இரண்டாவது மாடிக்குப் போய், சாதித்துவிட்ட தோரணையில் கதவைத் திறந்தது. பெட்டியின் திரையில் 'மொத்த மாடிகள்: 2' என்று வந்தது. எதுவுமே சொல்லிக் கொடுக்காத பெட்டி உலகத்தில் எல்லாக் கட்டடமும் இரண்டு மாடிதான் என்று நினைத்துக்கொண்டிருக்கும். பிறவிக் குணம்.

"மாப்ள," என்றார் அத்தான் மெதுவாக. "நம்ம குடும்பத்துல சேந்தாச்சுன்னியே."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. ஊன்றுகோல் சிப் கம்பெனியின் கையேட்டை முதல்முறையாகத் திறந்தான். இரண்டு நாள் படித்தபின் விஷயம் புரிந்தது. அந்தக் கம்பெனி எப்போதோ ஒரு சிப்பைச் செய்திருக்கிறது. பிறகு இந்தப் புதுச் சிப்பைச் செய்தபோது, அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்டுவிட்டதுபோல, பழைய எண்ணையே இதற்கும் கொடுத்துவிட்டது. கெர்னல் பேர் கேட்டது, தம்பி அண்ணன் பேரைச் சொன்னான்.

இதனால் வந்த கேடு பூட்டில் இருந்தது. இந்த மாதிரிச் சிப்புகள் மின்சாரம் வந்ததும் தம்மைத் தாமே பூட்டிக்கொள்ளும். திறந்துவிட்ட பிறகுதான் அதில் எழுத முடியும். அண்ணனுக்குப் பூட்டு ஓரிடத்தில், தம்பிக்கு வேறிடத்தில். கெர்னல் அண்ணன் பூட்டைத் திறந்துவிட்டுத் தம்பியிடம் எழுதக் கொடுத்தது. பூட்டியிருக்கும் சிப்பிடம் எழுதக் கொடுத்தால் அது மறுக்காது, முனகாது. ஆபீசில் மனு வாங்குகிறவரைப் போல வாங்கிக்கொள்ளும். பிறகு ஒன்றும் நடக்காது. மின்சாரம் இருக்கும்வரை பெட்டி தற்காலிக ஞாபகத்திலேயே ஓட்டிவிடும், போனால்தான் குட்டு வெளிப்படும்.

இருவரையும் பிரித்தறிய ஒரே வழிதான் இருந்தது. தம்பியிடம் தன்னைப் பற்றிச் சொல்லும் ஒரு பக்கம் உண்டு, அண்ணனிடம் கிடையாது. எனவே அந்தப் பக்கத்தைக் கேட்க வேண்டும். பதில் வந்தால் தம்பி. அதில் என்ன எழுதியிருக்கிறது என்பது முக்கியமில்லை, பதில் வந்ததா என்பதுதான் முக்கியம். வந்தால் இரண்டாவது பூட்டையும் திறக்க வேண்டும். ஊன்றுகோல் இதை ஏழு வரியில் எழுதினான். விஷயம் தெரியாதவன் கண்ணுக்கு அந்த ஏழு வரி, ஒரு பக்கத்தைப் படித்து, படித்ததைக் குப்பையில் போட்டுவிட்டு, திறந்த கதவை இன்னொரு தடவை திறப்பதுபோல இருக்கும். எழுதியவன் கண்ணுக்கு அது கவிதையாக இருந்தது. கமெண்ட் இல்லாமல் வாசல்காரருக்கு அனுப்பினான்.

"ஏன்?" என்று பதில் வந்தது.

"இரண்டு சிப்புக்கு ஒரே எண்," என்று எழுதினான்.

"இதைக் கமெண்டாகப் போடலாமே."

வாசல்காரர் ஒரே கடிதத்தில் இத்தனை சொல் எழுதியது அபூர்வம். ஊன்றுகோல் அதைக் கவனிக்கவில்லை. பதிலாகத் தன் கட்டுரையின் சுட்டியை அனுப்பிவைத்தான். சில நாள் போயின. பிறகு, "சரி. உங்கள் வரி, உங்கள் பாடு," என்று வந்தது. ஏழு வரியும் கெர்னலுக்குள் போயின. சோதனைக் கூண்டு ஆறு மாடியையும் மறக்காமல் ஞாபகம் வைத்திருந்தது. அத்தான் பெட்டிகளைச் செய்யச் சொல்லி உத்தரவு கொடுத்தார். வாங்கிய சிப்பெல்லாம் பெட்டிகளுக்குள் சர்க்யூட் போர்டில் ஏறி உட்கார்ந்தன.

பெட்டிகளை ஒப்புக்கொள்வதற்கு லிஃப்ட் கம்பெனியிலிருந்து பரிசோதகர் ஒருவர் வந்தார். மெலிந்த மனிதர். எதையும் நம்பாமல் இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர். நீங்கள் போட்டுவைத்த கெர்னல் எனக்கு வேண்டாம் என்று சொல்லி, அன்று காலை பொதுவில் வெளியாகியிருந்த புத்தம்புதுக் கெர்னலைத் தன் மெமரி கார்டில் கொண்டுவந்திருந்தார். அவர்கள் வழக்கம் அப்படி. கார்டைச் செருகினார். ஆறு மாடி என்று சொல்லிக் கொடுத்தார். நிறுத்தினார். போட்டார். ஆறை அழுத்தினார்.

கூண்டு இரண்டாவது மாடியில் கதவைத் திறந்தது.

"இந்தக் கட்டடம் ரெண்டு மாடியா?" என்றார் பரிசோதகர்.

முதலாளியம்மா அத்தானைப் பார்த்தார். அத்தான் ஊன்றுகோலைப் பார்த்தார். ஊன்றுகோல் கூண்டைப் பார்த்தான்.

"திங்கட்கிழமை திரும்ப வரேன்," என்று பரிசோதகர் கார்டை உருவிக்கொண்டார். "அன்னைக்கு வாசல்காரர்கிட்ட இருக்கிற கெர்னல்ல ஆறு மாடி ஞாபகம் இருந்தா கையெழுத்து. இல்லன்னா பெட்டியெல்லாம் உங்ககிட்டயே இருக்கட்டும்."

"எங்ககிட்ட எதுக்கு?" என்றார் முதலாளியம்மா, அத்தானிடமிருந்து கண்ணை எடுக்காமல். "வாங்கினவர் வீடு பெருசுதானே."

ஊன்றுகோல் தன் இருக்கைக்கு ஓடிப்போய்ப் புதுக் கெர்னலைத் திறந்தான். அவன் ஏழு வரியைக் காணோம். அத்தான் பின்னாலேயே வந்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

யார் எடுத்தார்கள் என்று கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. கெர்னலில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கீழே எழுதியவர் பேரும் காரணமும் இருக்கும். மாற்றத்தின் தலைப்பு, 'பயனற்ற வரிகள் நீக்கம்'. அதன் கீழே இப்படி எழுதியிருந்தது:

'இந்த ஏழு வரிகள் ஒரு பக்கத்தைப் படித்து வீசி எறிகின்றன. பிறகு திறந்த பூட்டைத் திறக்கின்றன. ஒரு பயனும் இல்லை. பயன் இருந்தால் நிரலே சொல்லியிருக்கும். சொல்லாத நிரல் இருக்கத் தகுதியற்றது. பார்க்க: கமெண்ட் என்பது ஊன்றுகோல், என் வாழ்க்கையை மாற்றிய கட்டுரை.'

"யாருப்பா இந்தப் பையன்?" என்றார் அத்தான்.

"தெரியல அத்தான். எந்த நாட்டுலயோ இருக்கான்."

"உன் கட்டுரையைத்தான் சொல்றான் போல."

"ஆமா."

"அப்ப ரசிகன்."

ஊன்றுகோலின் பார்வை அடுத்த வரிக்குப் போயிருந்தது. எந்த மாற்றமும் உள்ளே போவதற்கு, விஷயம் தெரிந்த வேறொருவர் அதைப் படித்துப் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். சொன்னவர் பேரும் அதிலேயே பதிவாகும். 'பார்த்துச் சரி சொன்னவர்' என்ற இடத்தில் ஊன்றுகோலின் பேர் இருந்தது.

அவனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஞாபகம் வந்தது. சில நாள் முன்பு ஒரு கடிதம் வந்திருந்தது. 'குருவே' என்று ஆரம்பித்திருந்தது. முதல் பத்தி முழுவதும் அவனைப் புகழ்ந்திருந்தது. அந்த மாதிரி முதல் பத்தி வந்தால் இரண்டாவது பத்தியைப் படிக்க மனிதனுக்கு எங்கே மனம் வரும்? 'அருமை. சரி. தொடர்க,' என்று பதில் போட்டுவிட்டு, முதல் பத்தியை மட்டும் இன்னொரு தடவை படித்திருந்தான். இரண்டாவது பத்தியில்தான் இந்த மாற்றம் இருந்தது. வாசல்காரர் அந்தப் பதிலைப் பார்த்து, வரிகளை எழுதியவரே சரி சொல்லும்போது நமக்கென்ன என்று உள்ளே விட்டிருக்கிறார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வதென்றால் இதுதான். இதில் செலவு மட்டும் அத்தானுடையது.

"இதுல உன் பேர் இருக்கே மாப்ள," என்றார் அத்தான்.

"இருக்கு."

"பாத்துட்டுத்தான் சரின்னு சொன்னியா?"

"பாத்தேன் அத்தான். முதல் பத்தி."

அத்தான் திட்டியிருந்தால் அவன் தப்பித்திருப்பான். எதிர்த்துப் பேசுவதற்கு அவனிடம் அடிக்குறிப்போடு பன்னிரண்டு பக்கம் இருந்தது. அத்தான் திட்டவில்லை. பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கைக்குட்டையால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். துடைத்து முடித்த கண்ணாடியைத் திரும்பவும் துடைத்தார்.

"உங்க அக்காகிட்ட இன்னும் சொல்லல," என்றார். "திங்கட்கிழமைக்கு அப்புறம் சொல்லிக்கலாம், என்ன?"

ஊன்றுகோல் ஏழு வரியையும் எடுத்துத் திரும்பவும் அனுப்பினான். கூடவே, 'போனமுறை சரி சொன்னது நான்தான். படிக்காமல் சொன்னேன்,' என்று எழுதினான். அதை எழுதுவதற்கு ஏழு வரிக்கு ஆனதைவிட அதிக நேரம் ஆனது.

வாசல்காரரிடமிருந்து வழக்கம்போலப் பதில் வந்தது. "ஏன்?"

இந்த முறை அவன் சுட்டி அனுப்பவில்லை. வரிகளுக்கு மேலே ஒரே ஒரு கமெண்ட் போட்டான்: 'ஒரே எண், இரண்டு சிப்.' அதை அனுப்பும்போது அறையில் வேறு யாரும் இருக்கிறார்களா என்று பார்த்துக்கொண்டான்.

"இன்னொருவன் வருவான்," என்று பதில் வந்தது. "எடுப்பான்."

இன்னொருவன் வரவேண்டியதே இல்லை. பழைய ரசிகனே வந்துவிட்டான். எல்லோரும் படிக்கும் குழுவில் அவன் எழுதியது: 'எச்சரிக்கை. குருவின் மின்னஞ்சல் கணக்கை யாரோ திருடிவிட்டார்கள். உள்ளே இருப்பவர் கமெண்ட் எழுதுகிறார். தயவுசெய்து எதையும் ஏற்க வேண்டாம்.' அதன் கீழே எட்டுப் பேர் ஆமோதித்திருந்தார்கள். ஒருவர் காவல்துறைக்குத் தெரிவிக்கலாமா என்று கேட்டிருந்தார்.

ஊன்றுகோல் குழுவுக்குப் பதில் எழுதினான். திருட்டுப் போகவில்லை, நான்தான் என்றான். நீங்கள்தான் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டான் ரசிகன். 'உங்கள் கட்டுரையின் ஆறாம் பக்கத்தை நீங்களே மறுப்பீர்களா?' ஆறாம் பக்கத்தில் என்ன எழுதினோம் என்று ஊன்றுகோலுக்கு ஞாபகமில்லை. போய்ப் படித்துப் பார்த்தான். கமெண்ட் எழுதுகிறவன் கைபிடித்து அழைத்துப் போகப்பட வேண்டியவன் என்று எழுதியிருந்தான். நடை நன்றாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அலுவலகம் காலியாகிக்கொண்டிருந்தது. கீழே கொள்முதல் பிரிவில் அத்தான் தன் மேசை இழுப்பறையைச் சுத்தம் செய்துகொண்டிருப்பது கண்ணாடி வழியாகத் தெரிந்தது. அவர் தன் சாமான்களை மேசைமேல் எடுத்துவைப்பதும், வைத்ததையே திரும்ப உள்ளே போடுவதுமாக இருந்தார்.

ஊன்றுகோல் அந்த ஒற்றைக் கமெண்டை அழித்தான். கொஞ்ச நேரம் வெறும் திரையைப் பார்த்தான். பிறகு எழுத ஆரம்பித்தான்.

'இந்த வரிகளைப் பார்த்தால் வீண்போலத் தோன்றும். வீண் அல்ல. இந்தச் சிப்பைச் செய்கிறவர்கள் ஒரே எண்ணைப் பழையதற்கும் புதியதற்கும் கொடுத்திருக்கிறார்கள். தன்னைப் பற்றிச் சொல்லும் பக்கம் புதியதில் மட்டும் உண்டு. அதனால்தான் அந்தப் பக்கத்தைக் கேட்கிறோம். அதில் உள்ளது தேவையில்லை, பதில் வருகிறதா என்பது மட்டும் போதும். புதியதன் பூட்டு வேறிடத்தில் இருக்கிறது. அதைத் திறக்காவிட்டால் எழுதியது எதுவும் பதியாது. பிழை என்றும் சிப் சொல்லாது. ஒருமுறை இந்த வரிகளை ஒருவர் எடுத்தார். இதை எழுதியவரே அதற்குச் சரி சொன்னார். முதலாமவர் காரணம் தெரியாமல் செய்தார், இரண்டாமவர் காரணம் தெரிந்திருந்தும் படிக்காமல் செய்தார். எடுக்கத் தோன்றினால், முதலில் ஒரு பெட்டியை நிறுத்திப் போட்டுப் பாருங்கள்.'

படித்துப் பார்த்தான். ஏழு வரி நிரலுக்குப் பத்து வரி விளக்கம். கடைசி வாக்கியத்துக்கு முன்னால் 'தயவுசெய்து' என்று சேர்த்தான். அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை பதில் வந்தது. "சரி."

திங்கட்கிழமை பரிசோதகர் கார்டைச் செருகினார், நிறுத்தினார், போட்டார், ஆறை அழுத்தினார். கூண்டு ஆறாவது மாடிக்குப் போய்க் கதவைத் திறந்தது. இன்னும் மூன்று தடவை நிறுத்திப் போட்டார். நம்பிக்கை வரவில்லை, ஆனால் கையெழுத்துப் போட்டார். முதலாளியம்மா அத்தானிடம், "நல்ல விலைன்னு நான் அன்னைக்கே சொன்னேன்ல?" என்றுவிட்டுப் போனார்.

அத்தான் மாடிக்கு வந்து ஊன்றுகோலின் தோளில் தட்டினார். "அக்காகிட்ட இனிமே சொல்ல வேண்டியதில்ல," என்றார். பிறகு கொஞ்சம் குனிந்து, "என்ன எழுதின?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்ல அத்தான். சின்னதா ஒண்ணு."

மத்தியானம் டீ மெஷின் பக்கம் அவன் போகவில்லை. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அங்கே நின்று, கமெண்ட் பற்றி உங்கள் கருத்து என்ன என்று தூரத்திலிருந்தே கேட்டார். வேலை இருக்கிறது என்றான் ஊன்றுகோல். நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, திரை யார் கண்ணிலும் படாதபடி சாய்த்துக்கொண்டான். போன வருஷம் தானே எழுதிய, இப்போது எதற்கென்று தனக்கே புரியாத ஒரு பகுதியைத் திறந்தான். அரைமணி நேரம் அதைப் படித்தான். காரணம் தெரிந்ததும் அதற்கு மேலே ஒரு வரி எழுதினான். கொஞ்சம் யோசித்து, இன்னும் இரண்டு வரி.